நெய்க்கு மறுபெயர்

ஒரு வளவு, ஒரு கிணறு, இரண்டு அடுப்பு. உடுவிலில் பிரவீணன் வீட்டைப் பற்றி அயலில் யாரைக் கேட்டாலும் இந்த இரண்டு அடுப்புக் கதையைத்தான் முதலில் சொல்வார்கள். பெரிய வீட்டுக் குசினியில் பிரவீணனின் மனைவி சிவகௌரி சமைப்பாள். அங்கே மீன் உண்டு, கோழி உண்டு, கருவாடு பொரித்தால் ஒழுங்கை முடக்கு வரைக்கும் மணக்கும். வீட்டின் பின்பக்கம் தகரக் கூரை போட்ட சின்னக் குசினியில் பிரவீணனின் அக்கா கேதீஸ்வரி தனக்குச் சைவமாய்ச் சமைப்பாள். இரண்டு அடுப்புக்கும் இடையில் ஒரு எலுமிச்சை மரமும் உடுப்புக் காயப்போடும் கொடியும்தான் இருந்தன. அந்த இடத்துக்குள் எத்தனையோ சண்டை நடந்து முடிந்திருக்கிறது. முடிந்திருக்கிறது என்பதும் பிழை; ஒன்று முடிய முன்னமே மற்றது தொடங்கிவிடும்.

கேதீஸ்வரிக்கு ஐம்பது கடந்துவிட்டது. செவ்வாய்க் குற்றம், செவ்வாய்க் குற்றம் என்று சொல்லியே வந்த சம்பந்தம் எல்லாம் தட்டிப்போயின. தாய் சாகும்போது பிரவீணன் பால் மறந்த பிள்ளை. அவனுக்குக் குளிக்கவார்த்து, பள்ளிக்கூடம் அனுப்பி, அவன் லான்ட்மாஸ்டர் உழவு மெஷின் பிடித்து ஊரார் தோட்டம் உழப் பழகும்வரை சோறு போட்டவள் அவள்தான். அந்த உரிமையை அவள் ஒருநாளும் மறக்கவில்லை. மற்றவர்களை மறக்க விட்டதும் இல்லை.

சிவகௌரியும் லேசுப்பட்டவள் அல்ல. கலியாணம் கட்டி வந்த முதல் கிழமையே, மீன் வெட்டிய கத்தியை மச்சாளின் மரக்கறிச் சுளகில் வைத்துவிட்டாள். தெரியாமல் வைத்தேன் என்று அவள் இன்றைக்கும் சொல்கிறாள். வேண்டுமென்று வைத்தாள் என்று கேதீஸ்வரி இன்றைக்கும் சொல்கிறாள். அன்றைக்குப் பிரிந்த அடுப்புத்தான். சின்னக் குசினியின் வாசலைச் சிவகௌரி அதற்குப் பிறகு மிதிக்கவில்லை.

இரண்டு அடுப்புக்கும் நடுவில் ஓடித் திரிந்தது ஒரேயொரு சீவன். நாலு வயது ஆருஷா. தாய் யாழ்ப்பாணம் டவுனில் ஒரு புடவைக்கடையில் வேலை. காலை பஸ்ஸில் போனால் பொழுதுபடத்தான் வருவாள். மத்தியானச் சோறு தீற்றுவது மாமி கேதீஸ்வரியின் பங்கு. குத்தரிசிச் சோற்றைக் கையால் பிசைந்து, உப்புப் போட்டு, நெய் விட்டுக் குழைத்து, உருண்டை பிடித்துத் தீற்றினால் பிள்ளை மறுபேச்சில்லாமல் வாயைத் திறக்கும். தாய் தீற்றினால் பல்லை இறுக்கிக் கொண்டு நிற்கும். கேதீஸ்வரியின் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய வெற்றி ஒன்றும் வரவில்லை. அதை அவள் ஒளித்துவைக்கவும் இல்லை. "உன்ரை பிள்ளை என்ரை கையாலை தின்னுறாள், நான் என்ன செய்யிறது" என்று கிணற்றடியில் நாலு பேர் கேட்கச் சொல்லுவாள்.

ஆனால் பிள்ளை தேறவில்லை. இரண்டு வயது கடந்த நாளிலிருந்து ஏதாவது ஒன்று. ஒரு மாதம் காதில் சீழ். அடுத்த மாதம் காலில் பழுத்த கட்டு. அது காய முன்னம் நெஞ்சுச்சளி. முன்பள்ளியில் ஒரு பிள்ளை தும்மினால் மற்றப் பிள்ளைகளுக்கு இரண்டு நாள் மூக்கு ஒழுகும்; ஆருஷாவுக்கு இரண்டு கிழமை காய்ச்சல். மருந்து குடித்துக் குடித்து, மருந்துப் போத்தலைக் கண்டால் தானாக வாயைத் திறக்கப் பழகிவிட்டது.

இப்படியான நேரத்தில் ஒரு வீடு ஒன்றாய் நிற்கும் என்பார்கள். இந்த வீடு அப்படி நிற்கவில்லை. மச்சாளின் கண்ணூறுதான் என்று சிவகௌரி கடையில் வேலை செய்யும் பெட்டைகளுக்குச் சொன்னாள். அது ஒழுங்கை சுற்றிக் கேதீஸ்வரியின் காதுக்கு வந்தது. தாய்க்காரி காலையில் பாணும் பட்டரும் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினால் பிள்ளைக்கு உடம்பில் என்ன பிடிக்கும் என்று கேதீஸ்வரி எலுமிச்சை மரத்துக்குச் சொன்னாள். மரத்துக்குப் பின்னால் சிவகௌரி உடுப்புக் காயப்போட்டுக் கொண்டிருந்தாள். பிரவீணன் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு லான்ட்மாஸ்டரைத் துடைக்கப் போவான். அந்த வண்டி அவ்வளவு பளபளப்பாய் இருந்ததற்குக் காரணம் அதுதான்.

பிள்ளை மெலிய மெலியக் கேதீஸ்வரி நெய்யைக் கூட்டினாள். அவளுக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான். சிவப்பி என்ற ஒற்றைப் பசுவை அவளே வளர்த்தாள். விடிய எழும்பிப் புல்லுச் செருக்கி, தவிடும் பிண்ணாக்கும் கரைத்து வைத்து, பால் கறந்து, அயலுக்குக் கொஞ்சம் கொடுத்து, மீதியை உறைய வைப்பாள். தயிர் சேர்ந்ததும் மத்தைப் போட்டுக் கடைந்தால் வெண்ணெய் திரளும். அதை இரும்புத் தாச்சியில் போட்டு அடுப்பை மெல்ல எரியவிட்டு, சலசலப்பு அடங்கும் நேரம் பார்த்து ஒரு பிடி முருங்கையிலை போடுவாள். இலை மொறுமொறுத்ததும் இறக்குவாள். அந்த இலையைத் தின்பதற்காக ஆருஷா அடுப்படியில் காத்துக் கொண்டிருப்பாள். நெய்யைப் பழைய ஹோர்லிக்ஸ் போத்தலில் ஊற்றி மூடும்போது கேதீஸ்வரிக்கு ஒரு நிறைவு வரும். அந்த வளவில் கலப்படம் இல்லாத சாமான் இது ஒன்றுதான் என்று அவள் நம்பினாள்.

பிள்ளைக்கு ஒரு வயதாய் இருந்தபோது, அந்தப் பங்குனியில் சிவப்பிக்கு உண்ணி பிடித்தது. காதுக்குள், வால் அடியில், மடியில், எங்கே பார்த்தாலும் உண்ணி. பிடுங்கிப் பிடுங்கிக் கேதீஸ்வரிக்கு நகம் தேய்ந்தது. அப்போதுதான் சிவகௌரியின் தகப்பன் சீவரத்தினத்தார் பேத்தியைப் பார்க்க வந்தார். மருதனார்மடத்தில் வெல்டிங் கடை வைத்திருப்பவர். எதற்கும் ஒரு மருந்து கைவசம் உள்ள மனிதர். அடுத்தமுறை வரும்போது ஒரு கான் நிறைய ஒயில் கொண்டுவந்தார்.

"ட்ரான்ஸ்போமர் ஒயில் பிள்ளை. பழசுதான், எண்டாலும் சாமான் திறம். வெல்டிங் பிளான்ருக்கு விட வைச்சிருந்தனான். பூசிவிடுங்கோ, உண்ணியும் வராது, கறையானும் வராது" என்றார்.

கேதீஸ்வரி சம்பந்தி வீட்டாரைப் புகழ்ந்தது அந்த ஒருமுறைதான். பூசிய மூன்றாம் நாள் உண்ணி கொட்டிவிட்டது. பிறகு அவள் தன் மூளையையும் பாவித்தாள். ஒவ்வொரு நாளும் பூசுவது கரைச்சல் என்று, ஒரு சாக்கை ஒயிலில் தோய்த்துக் கொட்டிலின் வளையில், மாட்டின் முதுகு உயரத்துக்குக் கட்டித் தொங்கவிட்டாள். சிவப்பி தானே போய் முதுகை உரசிக்கொள்ளும். உரசிவிட்டு நாக்கால் விலாவை நக்கும். கொட்டில் கப்புகளுக்கும் அந்த ஒயில்தான், தவிட்டுப் பெட்டி வைக்கிற பலகைக்கும் அந்த ஒயில்தான். கான் முடிந்தால் சீவரத்தினத்தார் இன்னொன்று அனுப்புவார். மாட்டின் தோல் மினுங்கியது. ஒழுங்கையால் போனவர்கள் நின்று பார்த்தார்கள். இரண்டு மூன்று பேர் தங்கள் மாட்டுக்கும் சாக்குக் கட்டினார்கள்.

மூன்று வருடம் இப்படிப் போனது. இந்த வருடம் சோளகக் காற்று எழும்பிய நேரம் சிவப்பியின் முதுகில் மயிர் கொட்டத் தொடங்கியது. தீனிலும் மனமில்லை. பிரவீணன் சொல்லிவிட, மிருக வைத்தியர் தனுஷன் மோட்டார் சைக்கிளில் வந்தான். படித்துவிட்டு வந்து அதிக காலம் ஆகாத பொடியன். மாட்டின் முதுகைத் தடவிய கையை மூக்கடியில் வைத்து மணந்தான். பிறகு அண்ணாந்து சாக்கைப் பார்த்தான். அது என்ன, எங்கிருந்து வந்தது, எத்தனை காலமாய் என்றெல்லாம் கேட்டான். கேதீஸ்வரி பெருமையோடு சொல்லத் தொடங்கி, அவன் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினாள்.

"அம்மா, பழைய ட்ரான்ஸ்போமர் ஒயிலுக்குள்ளை என்ன கிடக்கெண்டு சொல்லேலாது. சிலதிலை பொல்லாத நஞ்சு இருக்கும். அது தண்ணியோடை கழியாது. கொழுப்பிலைதான் போய்த் தங்கும். மாடு நக்குது, தோலாலையும் உள்ளுக்குப் போகுது. உந்தச் சாக்கை இப்பவே கழட்டுங்கோ. இந்தப் பாலைச் சின்னப் பிள்ளையளுக்குக் குடுக்காதேங்கோ."

பாலில் கொஞ்சம் போத்தலில் எடுத்தான். கொழும்புக்கு அனுப்பவேண்டும், மறுமொழி எப்ப வரும் என்று தனக்கே தெரியாது என்றான். அதற்குள் அவனுடைய போன் அடித்தது. இன்னொரு வீட்டில் ஆடு குட்டி போட முடியாமல் கிடக்கிறதாம். ஹெல்மெட்டைக் கொளுவிக்கொண்டு போய்விட்டான். கெட்டிக்காரப் பொடியன்தான். ஆனால் தான் சொன்ன ஒரு சொல் அந்த வளவில் என்ன அர்த்தத்தில் விழும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அன்றைக்குச் சிவகௌரிக்குக் கடை லீவு. படலையடியில் நின்று பாதி கேட்டவள், வைத்தியர் ஒழுங்கை திரும்பு முன்னமே தொடங்கிவிட்டாள். தன் பிள்ளைக்கு மூன்று வருடமாய் நஞ்சு கொடுத்திருக்கிறார்கள் என்றாள். கேதீஸ்வரி விடவில்லை. கானைக் கொண்டுவந்தது யார், உன்னுடைய கொப்பர்தானே என்றாள். வெல்டிங்குக்கு வைத்திருந்ததை அவர் இரக்கப்பட்டுத் தந்தார், அதைச் சாக்கில் தோய்த்துக் கட்டியது எந்த அறிவு என்று சிவகௌரி கேட்டாள். அயலில் செபஸ்தியம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரித் திரும்பினாள்.

"உங்களுக்குக் கொழுப்பு மச்சாள். ஆரும் சொன்னால் கேக்கிறியளே? எல்லாம் தெரியுமெண்ட கொழுப்பு."

கேதீஸ்வரி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள்.

"கொழுப்பு ஆரின்ரை அடுப்பிலை கிடக்கு? கோழித்தோலும் மீன்தலையும் ஆரின்ரை சட்டியிலை வேகுது? அந்தத் தம்பி சொன்னது வடிவாக் கேட்டனியோ? நஞ்சு கொழுப்பிலைதான் தங்குமாம். என்ரை குசினிக்குள்ளை கொழுப்பெண்ட சாமான் ஒருநாளும் வந்ததில்லை. போய் உன்ரை சட்டியைக் கழுவு."

சிவகௌரி படலையை அடித்துச் சாத்திவிட்டுப் பெரிய வீட்டுக்குள் போனாள். அது கேதீஸ்வரிக்குப் போதுமாயிருந்தது. பிரவீணன் லான்ட்மாஸ்டருக்குப் பக்கத்தில் நின்றபடி, "அக்கா, பாலைக் குடுக்காதை" என்று மட்டும் சொன்னான். அவ்வளவு பேசியதே அவனுக்குப் பெரிய காரியம்.

கேதீஸ்வரி பாலைக் கொடுக்கவில்லை. இதைச் சொல்லத்தான் வேண்டும்: அவள் சொன்ன சொல் காப்பாற்றுகிற மனுஷி. சாக்கைக் கழற்றினாள். மிச்ச ஒயிலைச் சீவரத்தினத்தாரின் கடைக்கே பிரவீணனிடம் கொடுத்துத் திருப்பி அனுப்பினாள். பால் வாங்கும் அயல் வீடுகளுக்குத் தானே போய், இந்தப் பால் சரியில்லை, இனி வேறு இடத்தில் வாங்குங்கோ என்றாள். சாக்குக் கட்டியிருந்தவர்களிடமும் போய்க் கழற்றச் சொன்னாள். ஆருஷாவின் வாயில் ஒரு சொட்டுப் பால் படவில்லை. தேத்தண்ணிக்கும் பால்மாத்தான்.

ஆனால் சிவப்பி கறந்துகொண்டுதான் இருந்தது. யாரும் குடிக்காத பால் அவ்வளவும் உறைக்குப் போனது. முன்னர் கிழமைக்கு ஒருமுறை கடைந்தவள் இப்போது ஒன்றுவிட்டொருநாள் கடைந்தாள். மோரை வாழையடியில் ஊற்றினாள். மோர் பாலின் தண்ணி, அதில் பழுது இருக்கலாம் என்பது அவளுடைய கணக்கு. வெண்ணெயை உருக்கினாள். நெருப்பில் வெந்து, கசடு கீழே இருந்து, பொன்னாய்த் தெளிந்து நிற்பது நெய். கோயில் விளக்குக்குப் போவது, ஓமத்துக்குப் போவது, பிள்ளை பெற்றவளுக்குப் போவது. மீன் இறைச்சி தின்கிற மச்சக்காரர் சட்டியில் மிதக்கிற அழுக்குக்குப் பெயர் கொழுப்பு. இரண்டையும் ஒன்றாக நினைக்க அவளுக்கு எப்படி வரும்? அவளை விடுங்கள், அந்த ஒழுங்கையில் எந்தச் சைவக்காரியைக் கேட்டாலும் நெய்யைக் கொழுப்பு என்று சொல்லமாட்டாள். சொன்னால் வாயைக் கழுவச் சொல்லுவாள்.

பால் நின்ற பிள்ளைக்கு ஊட்டம் குறையுமே என்று ஒரு கரண்டி நெய்யை இரண்டாக்கினாள். தாய்க்குச் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு சண்டை வரும் என்று சொல்லவில்லை. பிள்ளை நெய்ச்சோற்றைச் சப்புக்கொட்டித் தின்றது. முருங்கையிலையை மொறுமொறுவென்று கடித்தது. தின்னும்போது அதன் கன்னம் அசைவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் கேதீஸ்வரிக்கு அந்த நாளின் இனிய நேரம்.

ஆவணி பிறக்கும்போது பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. பழகிய காய்ச்சல் என்று இரண்டு நாள் பார்த்தார்கள். பிறகு காதுக்குப் பின்பக்கம் எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கி, காது மடல் முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நின்றது. தொட்டால் பிள்ளை கத்தியது. பிரவீணன் முச்சக்கர வண்டி பிடித்து யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். உடனே அறுத்துச் சீழ் எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் மூளைக்குப் போய்விடும் என்றார்கள். ஒப்பரேசன் தியேட்டர் வாசலில் ஒரே நீட்டு வாங்கில் இரண்டு பெண்களும் ஆளுக்கொரு நுனியில் இருந்தார்கள். நடுவில் பிள்ளையின் உடுப்புப் பை இருந்தது.

பிள்ளை தப்பியது. ஆனால் புண் ஆறவில்லை, காய்ச்சல் இறங்கி இறங்கி ஏறியது. ரத்தம் எடுத்துப் பல சோதனை செய்தார்கள். சீவரத்தினத்தார் அப்பிளும் நெஸ்டமோல்ட் மாவும் வாங்கிக்கொண்டு வந்து கட்டில் நுனியில் இருந்தார். தான் அந்த ஒயிலை முப்பது வருடமாய்க் கையால் அளைந்தவன், தனக்கு என்ன நடந்தது என்று வார்ட்டில் பக்கத்துக் கட்டில்காரருக்கெல்லாம் சொன்னார். ஒருவரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை.

அடுத்த நாள் காலை பெரிய டொக்டர் வந்தார். நரை விழுந்த, ஆறுதலாய்க் கதைக்கிற பெண். பிள்ளையின் தடுப்பூசிக் கார்ட்டைப் பார்த்துவிட்டுச் சிவகௌரியிடம் சொன்னார்: ஊசி எல்லாம் ஒழுங்காய்ப் போட்டிருக்கிறது, ஆனால் இந்த உடம்பு அதைப் பிடித்து வைத்திருப்பதாய்த் தெரியவில்லை, நோயோடு சண்டை பிடிக்கிற பலம் குறைவாய் இருக்கிறது, காரணம் தேடுகிறோம். சிவகௌரி மாட்டையும் ஒயிலையும் பற்றிச் சொன்னாள். மச்சாளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பால் நிறுத்தி மூன்று மாதம் என்றும் சொன்னாள். டொக்டர் கவனமாய்க் கேட்டார்.

அந்த நேரம் ஆஸ்பத்திரிச் சாப்பாடு வந்தது. சிவகௌரி சோற்றைப் பிசைந்து நீட்டினாள். பிள்ளை தலையைத் திருப்பிக்கொண்டு, சுவரோரம் நின்ற கேதீஸ்வரியைப் பார்த்தது.

"மாமி, நீங்கள் தீத்துங்கோ. நெய் விட்டு."

வார்ட்டில் அவ்வளவு சத்தத்துக்கும் நடுவில் அது எல்லாருக்கும் கேட்டது.

"என்ன நெய் பிள்ளை?" என்று சிவகௌரி கேட்டாள்.

"முருங்கையிலை நெய். மாமி ஒவ்வொரு நாளும் தாறவ. ரெண்டு கரண்டி."

டொக்டர் திரும்பினார். "அது எந்த மாட்டின்ரை நெய்யம்மா?"

கேதீஸ்வரிக்கு ஒளிக்க எதுவும் இருப்பதாய்த் தோன்றவில்லை. அதனால் பயப்படாமல்தான் சொன்னாள்.

"எங்கடை மாட்டின்ரைதான் டொக்டர். ஆனால் பாலைக் குடுக்கேல்லை. ஒரு சொட்டும் குடுக்கேல்லை. நெய் மட்டுந்தான். அந்த மாட்டு டொக்டர்த் தம்பி கொழுப்பிலைதான் நஞ்செண்டு சொன்னவர். நான் மச்சம் தொடுறனான் இல்லை. என்ரை சாப்பாட்டிலை கொழுப்பில்லை."

டொக்டர் ஊசிக் கார்ட்டை மூடிக் கட்டிலில் வைத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் கேதீஸ்வரி தாங்கியிருப்பாள். கோபத்தோடு வாழ்ந்து பழகியவள்.

"அம்மா, நெய் முழுக்கக் கொழுப்புத்தானே. பாலிலை இருக்கிற கொழுப்பைத்தான் நீங்கள் கடைஞ்சு திரட்டி எடுக்கிறியள். உருக்கினாலும் அந்த நஞ்சு போகாது. ஒரு பானைப் பாலிலை கலந்து கிடக்கிறது எல்லாத்தையும் ஒரு கரண்டியிலை சேர்த்துக் குடுத்த மாதிரி."

இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, சோதனை மறுமொழி வரவேண்டும், வேறு காரணமும் இருக்கலாம் என்று அவர் தொடர்ந்து சொன்னார். நெய்யை நிறுத்தினாலும் உடம்பில் சேர்ந்தது கெதியில் போகாது, ஆனால் வளருகிற பிள்ளை, நல்லாய்ச் சாப்பிட்டால் தேறும், சாப்பாடுதான் முக்கியம் என்றும் சொன்னார். கேதீஸ்வரிக்கு அதொன்றும் ஏறவில்லை. திரட்டி எடுக்கிறியள் என்ற சொல்லிலேயே நின்றுவிட்டாள். மத்தைச் சுழற்றிச் சுழற்றி, ஒரு துளியும் வீணாகாமல், விரலால் வழித்து, திரட்டித் திரட்டி எடுத்தவள் அவள்தான். பாலைக் கொடுத்திருந்தால்கூட இவ்வளவு கொடுத்திருக்கமாட்டாள். அவளுக்குத் தன் கைகளைப் பார்க்கப் பயமாயிருந்தது.

சிவகௌரி கத்துவாள் என்று பிரவீணன் முன்னுக்கு வந்து நின்றான். அவள் கத்தவில்லை. டொக்டர் அடுத்த கட்டிலுக்குப் போகும்வரை பொறுத்திருந்து, மச்சாளை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"மச்சாள், வீட்டை போங்கோ. தம்பியை வளர்த்தன், தம்பியை வளர்த்தன் எண்டு என்னைப் போட்டு இத்தினை வருசம் மிதிச்சியள். பொறுத்தன். என்ரை பிள்ளை என்ரை கையாலை ஒரு வாய் வாங்காமல் பண்ணினியள். அதையும் பொறுத்தன். இனி உங்கடை கை அவளிலை படக்கூடாது. பட்டால் நான் பிள்ளையையும் கொண்டு கிணத்துக்கை குதிப்பன்."

கொப்பர் கொண்டுவந்த ஒயில்தானே என்ற சொல் கேதீஸ்வரியின் வாயில் தயாராய் இருந்தது. எத்தனையோ நாள் எறிந்து பழகிய கல். அன்றைக்கு அதை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. பஸ் நிலையத்துக்கு நடந்து வந்து, உடுவில் பஸ்ஸில் ஏறி, இறங்கவேண்டிய இடத்தையும் தாண்டிப்போய்த் திரும்பி நடந்தாள்.

பிறகு நடந்ததெல்லாம் கெதியில் நடந்தது. தனுஷன் வந்து நெய்ப் போத்தல்களை எல்லாம் மூடி எடுத்துக்கொண்டு போனான். கிணற்றடியில் கொட்டவேண்டாம், நாய்க்கும் வைக்கவேண்டாம் என்றான். சிவப்பியைத் தரகருக்குத் தள்ளிவிட்டால் கரைச்சல் முடிந்தது என்று பிரவீணன் சொன்னான். வன்னிப் பக்கம் கொண்டுபோய் விடுவார்களாம், ஒருவருக்கும் தெரியாதாம்.

"அங்கை பிள்ளையள் இல்லையோடா?" என்று கேட்டாள் கேதீஸ்வரி. "இறைச்சிக்குக் குடுத்தாலும் கொழுப்போடைதான் போகும். எனக்கு இப்ப அந்தச் சொல்லு விளங்கும். அது இஞ்சை நிண்டு சாகட்டும்."

பாலை வற்றவிட்டாள். அதற்குப் பிறகும் விடிய எழும்பிப் புல்லுச் செருக்கினாள். கறக்காத மாட்டுக்குத் தீன் போடுகிற விசரி என்று ஒழுங்கையில் கதைத்தார்கள். சாக்கைக் கழற்றச் சொல்லி அவள் போன வீட்டுக்காரர்கூட அப்படித்தான் கதைத்தார்கள்.

பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சிவகௌரி கடை வேலையை விட்டுவிட்டாள். புண் ஆறத் தொடங்கியது, காய்ச்சலும் விட்டது. ஆனால் பிள்ளை சாப்பிடவில்லை. தாய் பருப்புக் குழைத்துப் பார்த்தாள், மீன் முள் எடுத்துக் குழைத்துப் பார்த்தாள், முட்டை பொரித்துப் பார்த்தாள். கெஞ்சினாள், அடித்தாள், தானும் அழுதாள். பல் இறுகியது இறுகியதுதான். கழுத்தெலும்பு தெரிய மெலிந்துபோன பிள்ளை மத்தியானம் ஆனால் எலுமிச்சை மரத்தைத் தாண்டிச் சின்னக் குசினியின் அரைக்கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கும். கேதீஸ்வரி உள்ளே சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். சிவகௌரி வந்து இழுத்துக்கொண்டு போவாள்.

அன்றைக்குச் சிவகௌரி உடனே வரவில்லை. பெரிய குசினியில் தாளிக்கிற சத்தம் கேட்டது.

"மாமி, சோறு."

அடுப்படியில் சோறு வெந்து இறக்கியிருந்தது. பயற்றங்காய்க் கறியும் இருந்தது. நெய்யும் இல்லை, பாலும் இல்லை. ஒரு வாய் தீற்றினால் யாருக்கும் தெரியப்போவதும் இல்லை. பிள்ளை சாப்பிட்டால் தேறும் என்று டொக்டரே சொன்னார். கேதீஸ்வரியின் கை சட்டி வரைக்கும் போனது. போன கையைப் பார்த்தாள். மூன்று வருடம் வெண்ணெய் வழித்த கை. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்த பிறகும் அகப்பையும் தாச்சியும் வழுக்கிற மாதிரியே அவளுக்கு இருந்தது. எதில் என்ன ஊறியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும். அதைவிட இன்னொன்று அவளுக்கு நல்லாய்த் தெரிந்தது. இன்றைக்கு ஒரு வாய் இங்கே கிடைத்தால், நாளைக்கும் இந்தப் பிள்ளை தாயிடம் வாயைத் திறக்காது. அப்படிப் பழக்கியவளும் அவள்தான்.

"இஞ்சை சோறில்லை. கொம்மாட்டைப் போ."

பிள்ளை போகவில்லை. சட்டியில் ஆவி பறப்பதை அது பார்த்தது. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னது:

"நெய் வேண்டாம் மாமி. சும்மா சோறு."

கேதீஸ்வரிக்கு அந்த இடத்தில் விழுந்து அழவேண்டும் போல் இருந்தது. அழுதால் பிள்ளை கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிடும். மூலையில் காகம் கலைக்கிற பூவரசந்தடி கிடந்தது. அதை எடுத்து ஓங்கினாள்.

"போடி எண்டுறன். இனி இந்த வாசலிலை கண்டனோ, அடிச்சுக் காலை முறிப்பன். போ."

பிள்ளை அசையாமல் நின்று தடியைப் பார்த்தது. பிறகு மாமியின் முகத்தைப் பார்த்தது. அந்த முகத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. உதடு பிதுங்கி, குரல் எழும்பி, மரத்தைச் சுற்றி ஓடிப்போய்த் தாயின் சேலையைப் பிடித்தது.

"அம்மா, மாமி கூடாதவ. அடிக்க வாறா."

"அவ அப்பிடித்தான். நான் அப்பவே சொன்னனான். வா, இஞ்சை இரு." சின்னக் குசினிக்குக் கேட்கவேண்டும் என்றே சிவகௌரி உரத்துச் சொன்னாள். "ஆ எண்டு."

கேதீஸ்வரி கதவோரம் நின்று காதைக் கொடுத்தாள். விக்கல், மூக்கை உறிஞ்சுகிற சத்தம், பிறகு கொஞ்சநேரம் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு, இன்னும் கொஞ்சம் வாயைத் திற என்று தாய் சொல்வது கேட்டது. அழுதுகொண்டென்றாலும் பிள்ளை வாங்கிவிட்டது. இரண்டாம் வாயும் வாங்கியது. சிவகௌரியின் குரல் அப்படி இளகி அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

தடியைக் கீழே வைக்கப் போனவள், நாளைக்கும் பிள்ளை வரும் என்று நினைத்து, அதைக் கதவடியில் கைக்கு எட்டுகிற இடத்தில் சாத்தி வைத்தாள்.